மாரடைப்புக்குப் பிறகு சைக்கிள்: எப்போது, எவ்வளவு, எப்படி?

ஜிம்மில் ஒருவர் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்தார் என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. கேமராவில் பதிவான காட்சி எல்லார் கைபேசிக்கும் போய்ச் சேர்கிறது. இன்னொரு பக்கம், மாரடைப்புக்குப் பிறகு, அடைபட்ட ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "மிதமான உடற்பயிற்சி செய்யவும்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த நாளிலிருந்து, எவ்வளவு நேரம், மிதம் என்றால் எது வரை என்பதெல்லாம் அதில் இருக்காது. வீட்டில் "பேசாமல் படுங்கள், ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க வேண்டாம்" என்கிறார்கள். நண்பரோ "ஒரு சைக்கிள் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்.

மருத்துவமனை, வீடு, நண்பர் சொல்லும் இந்த மூன்று அறிவுரைகளில் எதையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. இதயம் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. அந்தந்த நிமிடத்தில் தன் மேல் விழும் சுமை எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சைக்கிள் அந்தச் சுமையை நம் கையில் கொடுக்கவும் செய்யும், நமக்குத் தெரியாமல் இரண்டு மடங்காக்கவும் செய்யும். இது புரிந்தால் மற்றதெல்லாம் ஒழுங்காக வந்து அமரும்.

முதலில், இதயத்துக்கு என்ன நடந்தது?

உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இதயத்தின் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கொரோனரி தமனிகள். அவற்றில் ஒன்றின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைபட்டால் அதுதான் மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் இருக்கும் தசை சிறிது சிறிதாகச் சாகத் தொடங்குகிறது.

ஸ்டென்ட் குழாயைத் திறந்துவிடும், ஆனால் செத்த தசையை உயிர்ப்பிக்காது. அந்த இடத்தில் தழும்பு உருவாகும். அது கெட்டிப்பட ஏறக்குறைய 6 முதல் 8 வாரம் ஆகும். முதல் இரண்டு மாதம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் வரும் "பம்பிங்" பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இதயத்தின் இடது கீழறை ஒரு துடிப்பில், தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயத்துக்கே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். 100 என்று ஒன்று கிடையாது. "பம்பிங் 50தான், பாதி இதயம் போய்விட்டது" என்று பயந்துபோகிற குடும்பங்கள் நிறைய. அது தவறான பயம். 40க்குக் கீழே போனால்தான் பயிற்சித் திட்டத்தைத் தனிக் கவனத்தோடு போட வேண்டியிருக்கும். அப்போதும் பயிற்சியே கூடாது என்று பொருள் இல்லை.

இன்னொரு அடிப்படை. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இதயம் சுருங்கும்போது ரத்தம் போகிறது. இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு மட்டும் பெரும்பாலும் அது விரியும்போதுதான் ரத்தம் கிடைக்கும். சுருங்கும் நேரத்தில் தசையே தன் குழாய்களை நெரித்துக்கொள்வதால் இப்படி. துடிப்பு வேகமானால், இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கும் இந்த ஓய்வு நேரம்தான் முதலில் குறையும். அதாவது வேகமாகத் துடிக்கும் இதயத்துக்குத் தேவை கூடும், வரவு குறையும். பயிற்சியின் ஆபத்து, நன்மை இரண்டும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

ஆறு வாரப் படுக்கையிலிருந்து மிதிவண்டிக்கு

"படுத்தே இருங்கள்" என்ற அறிவுரையை வீட்டுப் பெரியவர்கள் தாங்களாகக் கற்பித்துக்கொள்ளவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர்களே அதைத்தான் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரை கட்டிலை விட்டு இறங்கவிட மாட்டார்கள். 1952இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் என்ற இரு மருத்துவர்கள், நோயாளிகளை முதல் வாரத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். நாற்காலியில் உட்காருவதே அன்று துணிச்சலான சிகிச்சை.

1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தது. அவரைப் பார்க்க வந்தவர் பால் டட்லி ஒயிட் என்ற பாஸ்டன் இதய மருத்துவர். இவர் சைக்கிள் மேல் தீராத பிரியம் கொண்டவர். உடலை இயக்குவதே இதயத்துக்கு நல்லது என்று ஊர் ஊராகச் சொன்னவர். ஐசனோவர் படிப்படியாக நடமாடத் தொடங்கி, மறு ஆண்டு தேர்தலில் நின்று வென்றார். பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையில் ஓடும் சைக்கிள் பாதைக்கு இன்று அந்த மருத்துவரின் பெயர்தான்.

படுக்கை என்ன செய்யும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஒரு சோதனை காட்டியது. ஆரோக்கியமான, 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் உச்சகட்ட உழைப்பில் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவு அவர்களுக்குக் கடுமையாகச் சரிந்தது. அதே ஐந்து பேரை 30 ஆண்டு கழித்துப் பரிசோதித்தபோது, 30 வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. ஆகவே "ரெஸ்ட்" என்பதும் ஒரு மருந்துதான். அளவு மீறினால் அதுவும் கெடுக்கும்.

பயிற்சி எதை மாற்றுகிறது?

தழும்பைப் பயிற்சி அழிக்காது. ஸ்டென்ட் வைத்த இடத்தையும் அது சரிசெய்யாது. அது வேலை செய்யும் இடங்கள் வேறு:

1. கால் தசைகள். பழகிய தசை, வந்து சேரும் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை இன்னும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அதே வேலைக்கு இதயம் குறைவாக ரத்தம் அனுப்பினால் போதும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைவதற்கு முதல் காரணம் இதயம் பலப்பட்டது என்பதைவிட, கால்கள் சிக்கனமாகிவிட்டன என்பதுதான்.

2. துடிப்பு. அதே வேலையைக் குறைந்த துடிப்பில் முடிப்பதால், மேலே சொன்ன ஓய்வு நேரம் நீளும். இதயத் தசைக்கு ரத்த வரவு கூடும்.

3. ரத்தக்குழாய்ச் சுவர். உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கும் திறன் மேம்படுகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதில் சேர்ந்து இறங்கும்.

4. பயம். இது மருந்துச் சீட்டில் இடம்பெறாத நோய். மாரடைப்பு வந்தவர்கள் பலர் மாதக்கணக்கில் ஒவ்வொரு துடிப்பையும் கவனித்துக்கொண்டு, அசையவே அஞ்சி வாழ்கிறார்கள். பத்து நிமிடம் மிதித்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே அறிந்துகொள்வதற்கு இணையான ஆறுதல் வேறு எதிலும் இல்லை.

இவையெல்லாம் சேர்ந்து என்ன பலன் தருகின்றன? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2021இல் 85 ஆய்வுகளையும் 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. முறையான உடற்பயிற்சி மறுவாழ்வில் சேர்ந்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வருவதும், மருத்துவமனையில் திரும்பச் சேர்வதும், இதய நோயால் இறப்பதும் குறைந்தன.

இந்தியாவில் அப்படிப்பட்ட மறுவாழ்வு மையங்கள் மிகக் குறைவு. ஸ்டென்ட் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைத்துவிடுகிறது, அதன் பிறகான மூன்று மாதத்துக்குக் கைபிடித்து அழைத்துப்போக ஆள் இல்லை. இது நம் சிகிச்சை முறையில் இருக்கும் பெரிய ஓட்டை என்றே சொல்வேன். மனிதர்கள் யூடியூப்பைப் பார்த்துப் பயிற்சி தொடங்குவதற்கும், தொடங்காமலே இருந்துவிடுவதற்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் ஜிம் மரணங்கள்?

1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மாரடைப்பு வந்த 1,228 பேரிடம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று விசாரித்தது. வாரத்துக்கு ஒரு தடவைகூட உழைத்துப் பழகாதவர்களுக்கு, திடீர்க் கடும் உழைப்பின்போதும் அதையொட்டியும் மாரடைப்பு வரும் வாய்ப்பு சாதாரண நேரத்தைவிட 107 மடங்காக இருந்தது. வாரம் ஐந்து நாளோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவர்களுக்கு அது 2.4 மடங்குதான். ஆபத்தான சேர்க்கை எது என்று இதில் தெளிவாகத் தெரிகிறது: பழக்கமின்மையும் திடீர்க் கடுமையும்.

இதய நோயாளிகளைப் பற்றித் தனியாகவும் கணக்கு இருக்கிறது. நார்வேயில் மூன்று மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகள் செய்த பயிற்சியை 2012இல் கூட்டிப் பார்த்தார்கள். மிதமான பயிற்சியில் 1,29,456 மணி நேரத்துக்கு ஒரு இதய நிறுத்தம். இடைவெளி விட்டுச் செய்யும் கடும் பயிற்சியில் 23,182 மணி நேரத்துக்கு ஒன்று. வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் மிதமாகச் செய்பவருக்கு வருடத்தில் 130 மணி நேரம் வரும். அந்தக் கணக்கில் ஆயிரம் பேர் ஒரு வருடம் செய்தால் ஒருவருக்கு நேரலாம். அது மேற்பார்வை இருந்த இடத்துக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் மிதத்துக்கும் கடுமைக்கும் நடுவிலுள்ள அந்த வித்தியாசம், நாம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஏன் சைக்கிள்?

நடைதான் எல்லோருக்கும் முதல் பயிற்சி. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மூட்டு வலி உள்ளவருக்கும், எடை கூடியவருக்கும் நடையே தண்டனையாகிவிடுகிறது. சைக்கிளில் உடம்பின் கனத்தைச் சீட் தாங்குகிறது, தொடையும் இடுப்பும் வேலை செய்கின்றன.

இதைவிட முக்கியமான காரணம், வீட்டிலோ ஜிம்மிலோ நிற்கும் சைக்கிளில் சுமையை வாட் கணக்கில் அமைத்துக்கொள்ளலாம். இன்று 25 வாட், அடுத்த மாதம் 50. உடம்பின் மேல்பாதி அசையாததால், மிதிக்கும்போதே இசிஜியும் ரத்த அழுத்தமும் பார்க்கலாம். மறுவாழ்வு மையங்களில் இந்த நிற்கும் சைக்கிள் இடம்பிடித்தது இதனால்தான். கீழே விழும் பயமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம் என்பதால், காலையில் வெளியே போக முடியாத பெண்களுக்கு இது நல்ல வழி. சேலை பெடலில் சிக்காமல் சுடிதாரோ பேன்ட்டோ அணிந்துகொள்வது மட்டும் அவசியம்.

சாலையில் இறங்கினால் கணக்கு மாறும்

டிரெட்மில் பரிசோதனை அறிக்கையில் "மெட்ஸ்" என்று ஓர் எண் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றல் 1 மெட். வழக்கமான டிரெட்மில் சோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். ஆறு நிமிடம் முடித்தவர் ஏறக்குறைய 7 மெட்ஸ் வரை தாங்குகிறார் என்று பொருள். மாரடைப்பு வந்து சில வாரம் ஆன, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இந்த அளவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடை 70 கிலோ, சாதாரண நிமிர்ந்து உட்காரும் சைக்கிளின் எடை 15 கிலோ. சமதளத்தில், காற்றில்லாத காலையில் அவர் செலவழிக்க வேண்டியது தோராயமாக இவ்வளவு:

1. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 25 வாட். அதாவது 3 மெட்ஸ் அளவு.
2. 15 கி.மீ. வேகத்தில் 55 வாட். 4 மெட்ஸைச் சற்றுத் தாண்டும்.
3. 20 கி.மீ. வேகத்தில் 100 வாட். 6 மெட்ஸைத் தாண்டும்.
4. 25 கி.மீ. வேகத்தில் 165 வாட். 9 மெட்ஸுக்கு மேல்.

வேகம் இரண்டரை மடங்குதான் கூடியது, சுமையோ ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. காற்றின் தடை அப்படிப்பட்டது. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும்.

இனி, அவர் 15 கி.மீ. வேகத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கிறார். கடற்கரைச் சாலை. திரும்பி வரும்போது எதிர்காற்று மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது. அதே வேகத்தை விடாமல் பிடித்தால் 130 வாட் வேண்டும், ஏறக்குறைய 7.7 மெட்ஸ். டிரெட்மில்லில் அவர் தொட்ட உச்சத்தையே தாண்டிவிட்டார்! சாலை அதேதான், வேகமும் அதேதான். மேம்பாலமும் இப்படித்தான். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் ஏறும் சரிவில், 10 கி.மீ. வேகத்தில் ஏறினாலும் 95 வாட் தேவை. சமதளத்தில் அதே வேகத்துக்குக் கேட்டது 25தான்.

ஆகவே சாலையில் சுமையைத் தீர்மானிப்பது காற்று, சரிவு, பின்னால் ஹாரன் அடிக்கும் பேருந்து, அப்புறம் முன்னால் போகும் நண்பர். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் வம்பு. குழுவோடு போகிறவர் குழுவின் வேகத்துக்குப் போய்விடுவார். குணமாகி வருகிறவர் முதல் சில மாதம் தனக்காக வேகத்தைக் குறைக்கத் தயாராக இருக்கும் ஒருவரோடு போவதே சரி. எதிர்காற்றில் வேகத்தை விட்டுவிட வேண்டும். மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதிலும் மெதுவாக. பெடலில் எழுந்து நின்று, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி மிதிப்பது கூடவே கூடாது. மூச்சை அடக்கும்போதும் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கும்போதும் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்.

போகும்போது எதிர்காற்றும் வரும்போது பின்காற்றும் கிடைக்கும்படி பாதையைத் திட்டமிடுவது நல்லது. களைத்த நேரத்தில் காற்று தள்ளிவிடும். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டமாக அடிப்பது இன்னும் நல்லது. எப்போது முடியவில்லையோ அப்போது வீடு அருகிலேயே இருக்கும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த 8 என்ற எண்ணை முதல் மாத இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது தொடங்கலாம்?

மருத்துவரின் அனுமதிக்கு மாற்றாக எந்த அட்டவணையும் கிடையாது. பொதுவான போக்கு இது:

1. சிக்கலில்லாத மாரடைப்பு, ஸ்டென்ட். நடை மருத்துவமனையிலேயே தொடங்கிவிடும். நிற்கும் சைக்கிளைச் சுமையில்லாமல் மிதிக்க ஓரிரு வாரத்தில் அனுமதி கிடைக்கலாம். சாலைக்கு 4 முதல் 6 வாரம், அதுவும் டிரெட்மில் பரிசோதனை முடிந்தபின். தொடை வழியாக ஆஞ்சியோ செய்திருந்தால், அந்தத் துளை நன்றாக ஆறும்வரை சீட்டில் ஏறக் கூடாது. மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால், சில நாள் ஹேண்டில்பாரில் கையை ஊன்றக் கூடாது.

2. பைபாஸ். இங்கே தடையாக இருப்பது இதயத்தைவிட நெஞ்செலும்புதான். நடுவில் பிளந்து கம்பியால் கட்டிய எலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். நிற்கும் சைக்கிளில் கையை ஊன்றாமல், நிமிர்ந்து உட்கார்ந்து முன்னதாகவே மிதிக்கலாம். சாலைக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஒரு குழியில் ஹேண்டில்பார் உலுக்கினால் அந்த அதிர்ச்சி நேரே நெஞ்செலும்புக்குத்தான் போகும். நெஞ்சில் "கிளிக்" என்று எலும்பு அசைவது போலிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

3. இதயத் துடிப்பைச் சீராக்கும் ஷாக் கருவி பொருத்தியவர்கள். எந்தத் துடிப்பு வேகத்தில் கருவி ஷாக் கொடுக்கும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சித் துடிப்பு அதற்குக் குறைந்தது 10 கீழேயே நிற்க வேண்டும்.

ஓய்விலேயே நெஞ்சுவலி வருபவர்கள், அழுத்தம் 180/110க்கு மேல் நிற்பவர்கள், கால் வீங்கி படுத்தால் மூச்சு முட்டுபவர்கள், தாறுமாறான துடிப்பு கட்டுக்குள் வராதவர்கள், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டா வால்வு கடுமையாகச் சுருங்கி அறிகுறி உள்ளவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் அது சரியாகும்வரை தொடங்கவே கூடாது.

எவ்வளவு வேகம்? நாடிக் கணக்கு

"220இலிருந்து வயதைக் கழி, அதில் 70 சதவீதம்" என்ற சூத்திரம் ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது பொருந்தாது. காரணம் மெட்டோபுரொலால், பைசோபுரொலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள். இவை துடிப்பு ஏறுவதையே தடுத்து வைக்கின்றன.

60 வயதுக்காரருக்கு அந்தச் சூத்திரப்படி இலக்கு 112. அதே மனிதர் மாத்திரை சாப்பிட்டு ஓய்வில் இருக்கும்போது நாடி 60, டிரெட்மில்லில் உச்சம் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். 120இலிருந்து 60 போனால் மிச்சம் 60. இதுதான் அவருடைய இருப்பு. இருப்பில் 40 சதவீதம் 24. ஓய்வு நாடியோடு கூட்டினால் 84. இருப்பில் 60 சதவீதம் 36, கூட்டினால் 96. முதல் வாரங்களில் அவர் 84க்கும் 96க்கும் நடுவில் இருந்தால் போதும். 112 என்பது அவர் இருப்பில் 87 சதவீதம். சுவரில் ஒட்டிய காகிதம் அவரை அங்கே தள்ளியிருக்கும். டிரெட்மில் பரிசோதனையை வழக்கமான மாத்திரையோடு செய்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். பரிசோதனையில் ஒரு குறிப்பிட்ட துடிப்பில் நெஞ்சுவலியோ இசிஜி மாற்றமோ வந்திருந்தால், அதற்கு 10 துடிப்பு கீழேதான் உங்கள் கூரை.

கடிகாரம் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையிலான அளவுகோலில், 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இனி முடியவே முடியாது. இதயம் தேறிவருபவருக்கு 11 முதல் 13 வரை, அதாவது "லேசு" என்பதிலிருந்து "கொஞ்சம் சிரமம்" வரை. இன்னும் எளிதாகச் சொன்னால், மிதித்துக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் அதிகம்.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனாலும் வலி தெரியாமல் இருக்கலாம். காரணமில்லாத வியர்வை, திடீர்க் களைப்பு, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றை வலிக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும் பல நேரம் நெஞ்சுவலிக்குப் பதில் தாடை வலி, குமட்டல், அசதி என்றே வரும்.

ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து. சீட்டின் உயரம், பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி. சீட் தாழ்ந்திருந்தால் மூட்டும் வலிக்கும், சுமையும் கூடும். முதல் 5 முதல் 10 நிமிடம் சும்மா சுற்றுவதுபோல் மிதிக்க வேண்டும். குழாய்கள் விரிய அவகாசம் அது. பிறகு இலக்கு நாடியில் 5 நிமிடம். அவ்வளவுதான், முதல் வாரத்துக்கு. பிறகு சில நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டி, 30 நிமிடத்தை எட்டியபின்தான் சுமையைத் தொட வேண்டும். முதலில் நேரம், பிறகு சுமை. இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது.

முடிக்கும்போது சட்டென்று இறங்கி நின்றுவிடாதீர்கள். மிதிக்கும்போது விரிந்திருந்த கால் குழாய்களில் ரத்தம் தேங்கிவிடும், அதை மேலே தள்ளும் தசை நின்றுபோயிருக்கும். அழுத்தம் சரிந்து தலை சுற்றும், துடிப்பும் தடுமாறலாம். இன்னும் 5 முதல் 10 நிமிடம் வெறுமனே மிதித்துவிட்டு இறங்குங்கள். வெந்நீர்க் குளியலுக்கும் கொஞ்ச நேரம் போகட்டும்.

மாத்திரைகளும் சாலையும்

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலோ டைகாக்ரிலாரோ பெரும்பாலும் ஒரு வருடம் வரை சாப்பிடுவார்கள். இவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. சாதாரணச் சிராய்ப்பில் ரத்தம் நிற்க நேரமாகும், அது பெரிதல்ல. தலையில் அடிபட்டால்தான் விஷயம் வேறு. வெளியே காயமே தெரியாவிட்டாலும், "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று எழுந்து நடந்தாலும், மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சைக்கிளுக்கு எதற்கு ஹெல்மெட் என்ற கேள்வியே இவர்களுக்கு வேண்டாம்.

நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு நம் ஊர் வெயில் தனிப் பகை. ஏற்கெனவே உடம்பில் நீர் குறைவு, வியர்வையும் சேர்ந்தால் அழுத்தம் இறங்கிக் கண்ணை இருட்டும். அதற்காக இஷ்டம்போலத் தண்ணீர் குடிக்கவும் முடியாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு போட்டிருப்பார்கள். அதிகாலையில், நிழலில் மிதிப்பதுதான் வழி. கத்திரி வெயில் நாட்களில் வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள் போதும். இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பல்ல, நீர். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும்.

நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சில் இறுக்கம், பாரம், எரிச்சல், அல்லது தாடைக்கும் இடக்கைக்கும் பரவும் வலி வந்தால்:

1. உடனே நின்று உட்காருங்கள். "வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மிதிக்காதீர்கள்.
2. மருத்துவர் கொடுத்திருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை உட்கார்ந்தபடியே வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் இறங்கி விழுந்துவிடக்கூடும். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் இதை வைக்கவே கூடாது.
3. ஐந்து நிமிடத்தில் வலி போகாவிட்டால் 108.

கண் இருட்டுதல், துடிப்பு தாறுமாறாக ஓடுதல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுக்கும் இதே விதி. கைபேசி, மாத்திரைப் பட்டியல், வீட்டு எண் எழுதிய அட்டை மூன்றும் சட்டைப்பையில் இருக்கட்டும். கேரியரில் மாட்டிய பைக்குள் வேண்டாம். விழுந்தவரைத் தூக்குகிறவர் முதலில் பார்ப்பது சட்டைப்பையைத்தான்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது?

எடையிலோ தூரத்திலோ தேட வேண்டாம். முதல் வாரத்தில் ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, காற்றில்லாத காலையில், அதே நிதானத்தில், பத்து நிமிடம் மிதித்து முடித்த உடன் நாடியைக் குறித்து வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து எவ்வளவு இறங்கியது என்பதையும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே வட்டம், அதே நேரம். மாத்திரை மாறாமல் இருந்து, முடிக்கும்போது நாடி முன்னைவிடக் குறைவாகவும், ஒரு நிமிட இறக்கம் முன்னைவிட அதிகமாகவும் வந்தால் கால்கள் சிக்கனமாகிவிட்டன, இதயத்துக்கு ஓய்வு நேரம் கூடியிருக்கிறது. எண்கள் எதிர்த்திசையில் போனால், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும், அந்தக் காகிதத்தோடு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது. மாத்திரையின் அளவை மாற்றினால் பழைய எண்களை விட்டுவிட்டு, இலக்கு நாடியையும் புதிதாகக் கணக்கிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.